ரத்தத்தை மட்டும் சுடும் மஞ்சள் ஒளி

பிறவிச் சிவப்புத் திட்டுக்கு லேசர் சிகிச்சை முடிந்து வெளியே வரும் குழந்தையின் கன்னத்தை முதல் தடவை பார்க்கும்போது பெற்றவர்களுக்குப் பகீர் என்றிருக்கும். உள்ளே போகும்போது வெறும் சிவப்பாக இருந்த இடம், இப்போது நாவற்பழத்தை நசுக்கி அப்பியதுபோல் கிடக்கும். சட்டைப் பொத்தான் அளவில் கருநீல வட்டங்கள், ஒன்றை ஒன்று தொட்டபடி. ‘கெடுத்துவிட்டார்களோ’ என்று அடிவயிறு கலங்கும். உண்மையில் வேலை ஒழுங்காக நடந்ததற்கு அடையாளமே அந்த நிறம்தான். 7 முதல் 14 நாளில் அது போய்விடும்.

பிறக்கும்போதே இருக்கும் இந்தச் சிவப்புத் திட்டை டாக்டர்கள் போர்ட் ஒயின் ஸ்டெயின் என்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டுச் சிவப்பு மதுவின் பெயர் அது. நாம் பெயர் வைத்திருந்தால் பீட்ரூட் மச்சம் என்றிருப்போம். ஆயிரம் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு இருக்கிறது. சோவியத் அதிபராக இருந்த மிகயீல் கோர்பச்சேவின் நெற்றிக்கு மேலே உலகமே பார்த்த திட்டும் இதே வகைதான்.

“ஏம்மா, கிரகணத்தப்ப வெளிய கிளிய வந்தியா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு 2013-ல் பதில் கிடைத்துவிட்டது. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில், ஜிஎன்ஏக்யூ என்னும் மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறிப்போகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் பரவிய இடத்தில் தோலின் தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள், விரிந்தே இருக்கின்றன. கிரகணமும் இல்லை, அம்மா சாப்பிட்டதும் இல்லை, பரம்பரையும் இல்லை.

பிறந்து சில வாரம் கழித்துக் கிளம்பி, தக்காளிபோல் புடைத்து, பிறகு தானே வடிந்துவிடும் ஹீமாஞ்சியோமா வேறு. அதற்குச் சொல்லும் ‘தானா போயிடும்’ இதற்குப் பொருந்தாது. இது குழந்தையோடு சேர்ந்தே வளரும், வயதானால் கறுத்துத் தடிக்கும். நெற்றியிலோ கண்ணிமையிலோ இருந்தால் லேசரை யோசிப்பதற்கு முன்னால் கண் டாக்டரையும் நரம்பியல் டாக்டரையும் பார்க்க வேண்டும். சிலருக்கு இதே கோளாறு மூளையின் உறையிலும் கண்ணிலும் இருந்து, வலிப்பும் கண் அழுத்தமும் வருவதுண்டு.

இனி லேசர். எந்த லேசர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், லேசர் எதைச் சுடுகிறது என்று தெரிய வேண்டும். தோலை அல்ல. தோலுக்குள் ஓடும் ரத்தத்தை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியைக் குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டில் குழாயின் சுவர் வெந்துபோக வேண்டும். சுற்றியிருக்கும் தோலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. 1970-களில் வந்த ஆர்கான் லேசரால் அது முடியவில்லை. அதன் நீலப்பச்சை ஒளி விட்டுவிட்டு அடிக்காமல் தொடர்ந்து விழுந்தது. சூடு குழாயைத் தாண்டி வழிந்தது. சிவப்பு போன இடத்தில் வெள்ளைத் தழும்பு மிஞ்சியது, குழந்தைகளுக்கு இன்னும் மோசமாக.

வழி காட்டியவர்கள் பாஸ்டனில் இருந்த ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு மருத்துவர்கள். 1983-ல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் எழுதியதை நம் வீட்டு வழக்கத்திலேயே சொல்லிவிடலாம். சூடத் தட்டு வருகிறது. கையைச் சட்டென்று சுடர்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், கை சுடுவதில்லை. ஒரு நொடி கூடுதலாக வைத்தால் கொப்புளம். சூட்டின் அளவு அதேதான், நேரம்தான் வேறு. எந்தப் பொருளுக்கும் தான் வாங்கிய சூட்டை வெளியே விட ஒரு நேரம் உண்டு. கடுகு உடனே ஆறும், உருளைக்கிழங்கு ஆறாது. 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள ரத்தக்குழாய் ஆறச் சுமார் 1 மில்லிநொடி ஆகும். தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. ஆக, குழாய் ஆறும் நேரத்துக்குள் ஒளியை அடித்து நிறுத்திவிட்டால், சூடு வெளியே கசிய அவகாசமே இல்லை.

நேரத்தோடு நிறமும் பொருந்த வேண்டும். ஹீமோகுளோபின் 577 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சளை விரும்பிக் குடிக்கும். ஆனால் அலைநீளம் கூடக்கூடத்தான் ஒளி ஆழம் போகும். மின்சாரம் போன இரவில் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்து விளையாடாத பிள்ளை உண்டா? மறுபக்கம் வருவது சிவப்பு மட்டும், நீலமும் பச்சையும் உள்ளேயே தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் உறிஞ்சலை விட்டுக்கொடுத்து ஆழத்தை வாங்கினார்கள். 577-ல் தொடங்கிய கருவி 585-க்கும், பிறகு 595-க்கும் நகர்ந்தது. இதுதான் பல்ஸ்டு டை லேசர். ரோடமின் என்னும் சாயக் கரைசலைப் பளிச்சென்ற விளக்கால் தூண்டி மஞ்சள் ஒளியை எடுக்கிறார்கள். சாயம் நாளாக நாளாகச் சத்திழக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கருவியை வைத்துக்கொள்வது பெரும் செலவு என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். 1989-ல் 35 குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்தி, தழும்பு அரிதாகவே விழுகிறது என்று காட்டியபோது ஆர்கானின் கதை முடிந்தது.

நம் தோலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ரத்தத்துக்குப் போகும் வழியில், தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இதே ஒளியைக் குடிக்கும். வெள்ளைக்காரக் குழந்தைக்கு வைத்த அளவை மாநிறக் குழந்தைக்கு அப்படியே வைத்தால், மேல்தோல் சூடாகி வெளுத்தோ கறுத்தோ போகலாம். சக்தியைக் குறைக்க வேண்டும், ஒளி விழும் நேரத்தை, அதாவது ஒளித் துடிப்பை, சற்று நீட்ட வேண்டும். இதற்குக் கைகொடுப்பது குளிர்ச்சி. கைப்பிடியில் விரல் அழுத்தியதும் முதலில் ‘புஸ்’ஸென்று குளிர்ந்த திரவம் தெறிக்கும், அடுத்த கணமே ஒளி. மேல்தோல் மட்டும் குளிர்ந்திருக்கும், அதற்குக் கீழே இருக்கும் குழாய்க்குக் குளிர் எட்டுவதற்குள் ஒளி வந்துவிடும். என்னைக் கேட்டால், ஆர்கானுக்குப் பிறகு வந்த முன்னேற்றங்களில் புதுப்புது லேசர்களைவிட இந்தப் ‘புஸ்’தான் பெரிது.

மற்ற கருவிகள் இந்த மஞ்சள் ஒளி விட்டுவைத்ததைப் பிடிக்க வருகின்றன. கேடிபி லேசரின் 532 பச்சை ஒளியை ஹீமோகுளோபின் நன்றாகவே குடிக்கும், மெலனினும் குடிக்கும், ஆழமும் குறைவு. மெல்லிய திட்டுக்குச் சரி, மாநிறத்துக்கு யோசிக்க வேண்டும். அலெக்சாண்ட்ரைட் 755-ம், என்டி யாக் 1064-ம் ஆழத்துக்குப் போகிறவை, வயதாகித் தடித்து முண்டும் முடிச்சுமாகிவிட்ட திட்டுகளுக்கு உதவுகிறவை. ஆனால் 1064-ஐ ரத்தம் அவ்வளவாக உறிஞ்சாது, சக்தியை ஏற்றித்தான் அடிக்க வேண்டும். ரத்தம் சூடானதும் மெத்ஹீமோகுளோபினாக மாறுகிறது. அதுவோ 1064-ஐப் பல மடங்கு உறிஞ்சும். பலன் கிடைக்கும் அளவுக்கும் தழும்பு விழும் அளவுக்கும் நடுவில் இருப்பது நூலிழை. குழந்தையிடம் அதை முதல் ஆயுதமாக எடுக்கும் துணிச்சலை நான் பாராட்ட மாட்டேன். இன்னொன்று, அழகு நிலையங்களில் நிரந்தரமாக முடி நீக்குவது இதே இரண்டு ஒளிகளால்தான். புருவத்தின் மேலோ, பின்னால் மீசை தாடி முளைக்க வேண்டிய பையனின் உதட்டின் மேலோ அடிப்பதற்கு முன் அதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐபிஎல் என்றொரு சிகிச்சையும் விளம்பரங்களில் வரும். கிரிக்கெட் அல்ல. அது லேசரும் அல்ல, பல நிறம் கலந்த பளிச்சொளியை வடிகட்டி அடிப்பது. சிலருக்குப் பலன் தந்திருக்கிறது, இலக்கு அத்தனை கூர்மையில்லை. சீனாவில் வேறு பாதை. ஹீமோபோர்ஃபின் என்ற மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றி, பச்சை ஒளி காட்டிக் குழாய்களை அழிக்கிறார்கள். குழாய் சிறிதோ பெரிதோ எல்லாவற்றிலும் மருந்து இருக்கும் என்பது அதன் பலம். வலியும், அதன்பின் பல நாள் வெயிலில் தலைகாட்டாமல் இருக்க வேண்டிய கட்டாயமும் அதன் விலை.

இவற்றை எப்படி ஒப்பிடுவது? இரண்டு குழந்தைகளின் இரண்டு மச்சங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் ஒரே மச்சத்தைப் பாகம் பிரித்து, ஒரு பாகத்துக்கு ஒரு கருவி, மறுபாகத்துக்கு இன்னொன்று என்று அடித்துப் பார்க்கிறார்கள். எந்தப் பாகம் எது என்று தெரியாத ஒருவர் படங்களைப் பார்த்து மதிப்பிடுவார். நல்ல முறைதான், எண்ணிக்கைதான் குறைவு. 2011-ல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு தரமான சோதனைகளைத் திரட்டியபோது கிடைத்தவை 5, அவற்றில் மொத்தம் 103 பேர். அதற்குள் தெரிந்த அளவில் பல்ஸ்டு டை லேசருக்குப் பலன் உறுதி. அதைத் தெளிவாகத் தோற்கடித்த கருவி எதுவும் இல்லை. ‘லேட்டஸ்ட் மெஷின்’ என்று சொல்லும் விளம்பரத்துக்கு மயங்குவதைவிட, இந்தப் பழைய கருவியை மாநிறக் குழந்தைகளிடம் கையாண்டு பழகிய கையைத் தேடுவது மேல்.

அந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. முழுதாக மறைவது ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை, பெரும்பாலோருக்கு வெளிறும். கழுத்திலும் நெற்றியிலும் நன்றாகக் கேட்கும், கன்னத்தின் நடுப்பகுதியில் அடம்பிடிக்கும், கைகால் நுனியில் இன்னும் அதிகம். மிக மெல்லிய குழாய்கள் துடிப்பு முடிவதற்குள்ளேயே ஆறித் தப்பித்துவிடும்.

எந்த வயதில் தொடங்குவது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பிணக்கு. கைக்குழந்தையின் தோல் மெல்லியது, திட்டின் பரப்பும் சிறியது, சீக்கிரம் தொடங்கு என்பார்கள் பலர். 1998-ல் ஆம்ஸ்டர்டாமில் 100 பேரை நான்கு வயதுப் பிரிவாகப் பிரித்து நிறமானியால் அளந்தபோது, சிறு வயதில் தொடங்கியவர்களுக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆனாலும் கைக்குழந்தைக்கு ஒரு வசதி இருக்கிறது. மயக்க மருந்து இல்லாமல், துணியில் சுற்றிப் பிடித்து, கண்ணுக்குக் கவசம் வைத்து, சில நிமிடங்களில் முடித்துவிடலாம். ஒவ்வொரு அடியும் சுண்டிவிட்ட ரப்பர் பேண்டுபோல் சுரீர் என்னும், குழந்தை வீறிடும், பால் கொடுத்தால் அடங்கும். மூன்று வயதுப் பிள்ளையை அப்படிப் பிடிக்க முடியாது, மயக்கம்தான் வழி. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்தைத் தாண்டும் மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் எச்சரித்தது. ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக என்றால் கவலையில்லை என்கின்றன பின்னர் வந்த முடிவுகள். இந்தச் சிகிச்சை ஒருமுறையோடு முடிவதில்லையே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

அதே ஆம்ஸ்டர்டாம் நோயாளிகளில் 51 பேரைப் பத்தாண்டு கழித்துத் திரும்ப அழைத்து அளந்தார்கள். 2007-ல் வந்த முடிவு: கடைசி சிகிச்சையின்போது இருந்ததைவிடத் திட்டு கறுத்திருந்தது, ஆனால் சிகிச்சைக்கு முன் இருந்ததைவிட வெளிறியே இருந்தது. குழாய்கள் வெந்தாலும் எழுத்து மாறிய செல்கள் மிச்சம் இருக்கின்றன, அவை மெல்ல மறுபடி குழாய் கட்டுகின்றன.

மாறுதல் இத்தனை மெதுவாக நடப்பதால் பெற்றவர்களின் கண்ணே ஏமாற்றும். நான்கு தடவை ஆனபிறகும் ‘அப்படியேதான் இருக்கு’ என்பார்கள். அதனால் முதல் தடவைக்கு முன்பே ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். பிறகும் அதே ஜன்னலோரம், அதே காலை வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல். குழந்தை அழுது ஓய்ந்து ஒரு அரைமணி போகட்டும். அழும்போது எடுத்தால் ரத்தம் ஏறி எந்த மச்சமும் இரண்டு மடங்கு சிவப்பாகத் தெரியும்.