பேட்ச்: விண்ணப்பம் போடாதீர்கள், ஒட்டுப் போடுங்கள்

பாம்பனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில் கைவைக்க இப்போதுதான் பழகுகிறான். தமிழிலேயே ஒரு வழிகாட்டி கிடைத்துவிட்டதாம். திரையைக் காட்டி, “மாமா, ‘இணைப்புக்கு விண்ணப்பிக்கவும்’னு போட்டிருக்கு. எங்க விண்ணப்பிக்கணும்?” என்றான்.

மின்வாரியத்தில்தான், வேறெங்கே?

‘அப்ளை பேட்ச்’ என்ற இரண்டே சொல்லுக்கு நேர்ந்த கதி இது. நிரலில் எந்த வரியை மாற்றுவது என்று குறித்து வரும் கோப்புதான் பேட்ச்; அதை நிரலில் போடு என்பதே பொருள். மொழிபெயர்த்தவருக்கோ அப்ளை என்றால் விண்ணப்பம், பேட்ச் என்றால் இணைப்பு. அவர் திரையைப் பார்த்திருக்க மாட்டார். பட்டியலில் வந்த வரிகளுக்கு எதிரே வரிசையாக நிரப்பிக்கொண்டு போயிருப்பார்.

பேட்ச் என்ற சொல்லுக்கு மூலப்பொருள், கிழிந்த துணிமேல் வைத்துத் தைக்கும் துண்டு. துளையிட்ட காகித நாடாவில் நிரல் எழுதிய காலத்தில், தப்பான துளையின் மேல் நிஜமாகவே துண்டு ஒட்டித்தான் திருத்தினார்கள். இந்தக் கோப்புகளைப் போடுவதற்கென்று 1985-இல் லாரி வால் என்ற நிரலாளர் எழுதிய நிரலுக்கும் பேட்ச் என்றே பெயர். கர்னலுக்கு ஒட்டுப் போட இன்றும் அது உதவுகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

இணைப்புக்கு வருவோம். இணையத்தில் சொடுக்குவது இணைப்பு. மின்னஞ்சலோடு வரும் கோப்பு இணைப்பு. வைஃபை கிடைத்தால் இணைப்பு, போனால் இணைப்பு இல்லை. இத்தனை சுமக்கும் சொல்லின் தலையில் பேட்சையும் ஏற்றினால் ‘இணைப்பைப் பெற இணைப்பைச் சொடுக்கவும், இணைப்பு இருக்க வேண்டும்’ என்றுதான் எழுத வேண்டிவரும். ‘திருத்தம்’ இதைவிட மேல். ஆனால் பேட்ச் எல்லாம் பிழை நீக்குவது இல்லை. புதிதாக ஒரு டிரைவரை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரலை, கொண்டுவரும் பேட்சும் உண்டு. ‘பொத்து’ என்று அருமையான பழைய வினை இருக்கிறது, கிழிசலைப் பொத்துவது. எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைக்கு ‘பாதுகாப்புப் பொத்தல்’ என்று எழுதினால் ஓட்டை என்றே படிப்பார்கள்.

அப்படியே பேட்ச் என்று விட்டுவிடலாமே என்பார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள். ‘முதல் பேட்ச் வந்துவிட்டது’ என்றால் மாணவர்களா, நிரலா?

ஒட்டு என்பதே என் கட்சி. அதற்குச் சொல்லும் மறுப்புகளில் ஒன்று மட்டும் யோசிக்க வைத்தது: ஒட்டு மேலே சேர்ப்பது, பேட்ச் வரிகளை நீக்கவும் செய்கிறதே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் இந்தக் கரைக்கு வந்து பாருங்கள். வலை சரிசெய்கிறவர் கிழிந்த இடத்தின்மேல் துண்டை அப்பிவிடுவதில்லை. பிய்ந்த கண்ணிகளை முதலில் நல்ல கண்ணி வரும்வரை வெட்டி எடுப்பார். அப்புறம் எண்ணிப் பின்னுவார். பேட்ச் கோப்பும் அதுதான். கழித்தல் குறி போட்ட வரி வெட்டுவது, கூட்டல் குறி போட்ட வரி பின்னுவது. மேலும் கீழும் மும்மூன்று வரி தொடாமல் நிற்கும், இடம் அடையாளம் காண. வெட்டாமல் எந்த ஒட்டும் ஒழுங்காக உட்காராது.

அப்ளைக்குப் ‘போடு’ போதும். ஒட்டுப் போடு. தேர்தல் நேரத்தில் யாராவது குறிலை நெடிலாகப் படித்தால் அது அவர் பாடு. போட்டதை எடுக்க பேட்ச் கட்டளையோடு ‘-ஆர்’ (-R) என்று கொடுக்கிறோமே, அதற்கும் தையல்காரர் சொல் தயாராக இருக்கிறது: பிரி. இது அழகுக்குச் சொல்வதல்ல. கர்னல் பதிப்பு 5.7.2-இல் இருப்பவர் 5.7.3-க்கு முழு ஒட்டைப் போட வேண்டுமானால், பழைய ஒட்டைப் பிரித்து 5.7-க்குத் திரும்பிவிட்டுத்தான் போட வேண்டும். 5.7.2, 5.7.3 போன்ற நிலைப் பதிப்புகளின் முழு ஒட்டுகள் 5.7 என்ற அடிப்பதிப்பின்மேல் போடுவதற்கென்றே வருகின்றன. ‘இணைப்பு’ என்று படித்தவன் ஒன்றின்மேல் ஒன்றாக இணைத்துக்கொண்டே போவான். புதிதாகப் பழகுகிறவனைச் சொல் இப்படித்தான் கெடுக்கிறது.

மருமகனுக்குச் சொன்னேன்: கர்னல் மூலக்கோப்புகள் இருக்கும் அடைவுக்குள் (ஃபோல்டர்) போய், ‘-பி1’ (-p1) கொடு, பேட்சில் கோப்பின் பாதைக்கு முன்னால் நிற்கும் ‘ஏ/’, ‘பி/’ (a/, b/) உதிர்ந்துவிடும். முதலில் ‘டிரை-ரன்’ போட்டு ஒத்திகை பார். அவனா பார்ப்பான்? நேரே போட்டுவிட்டு, ஒட்டாமல் போன பகுதிகள் விழும் ‘.ரெஜ்’ (.rej) என்று முடியும் கோப்பு ஒன்று முளைத்ததும் கூப்பிட்டான்.

“மாமா, ஒரு ஒட்டு ஒட்டலயே.”

போய்ப் பார்த்தேன். 5.7.2-ஐப் பிரிக்கவே இல்லை.