மாசமாக இருக்கும்போது ஏன் நடக்கணும்? உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மாசமாக இருக்கும் பெண்களிடம் "தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யணும்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "விடிஞ்சதுல இருந்து வேலைதான பாக்கேன், இதுக்கு மேல என்னக்கா பயிற்சி?" நியாயமான கேள்வி. தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால், அன்றைய கணக்கு முடியும் வரை எழுந்திருக்க முடியாது. சாயங்காலம் உடம்பு முழுக்க அசதி. ஆனால் அந்த நேரமெல்லாம் கைவிரல்கள்தான் ஓயாமல் வேலை செய்திருக்கின்றன, தொடையும் கெண்டைக்காலும் இடுப்பும் மணிக்கணக்கில் மடங்கி அசையாமல் இருந்திருக்கின்றன. அவளுடைய களைப்பு உண்மை. அவள் உடம்புக்குத் தேவையான அசைவு கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் வேறு குழப்பம். ஒரு ஆச்சி "படியேறாத, குடம் தூக்காத, சும்மா படுத்துக்கிட" என்பார், அடுத்த வீட்டு ஆச்சி "நாங்கல்லாம் பேறுகாலத்துக்கு முந்தின நாள் வரைக்கும் ஆட்டுரல்ல மாவாட்டினோம்" என்பார். இரண்டு பேரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஏன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு வருகிற பெண்ணிடம் நாங்களும் "நல்லா நடங்கம்மா" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம், அப்புறம் அவள் நடக்கவில்லை என்று குறைப்படுகிறோம். காரணம் புரிந்தால் தன் நாளுக்குள் எங்கே நடக்கலாம் என்பதை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ரத்தம். பிள்ளை உண்டானதிலிருந்து ஏழெட்டு மாதத்துக்குள் தாயின் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தமும் ஏறத்தாழ அதே அளவு அதிகமாகிறது, நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து இருபது கூடும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூச்சையும் ஆழமாக்கிவிடும். அதனால்தான் வயிறு வெளியே தெரியாத நாலாம் மாதத்திலேயே மாடிப்படி ஏறினால் லேசாக மூச்சு வாங்குகிறது. அது பலவீனம் இல்லை, உடம்பு இரண்டு உயிருக்கும் சேர்த்து வேலை செய்யப் பழகுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. ரத்தம் கூடும்போது அதிலுள்ள நீர்ப்பகுதி வேகமாகவும், சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுகின்றன. அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனவர்களுக்கு முதலில் வேண்டியது சிகிச்சை, நடை அப்புறம்தான். சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அப்படித்தான் நிறையப் பேர் போடுகிறார்கள்.

சரி, கால் எங்கே வருகிறது? இதயம் தள்ளிய ரத்தம் பாதம் வரை இறங்கிவிடும், திரும்ப மேலே ஏறுவதுதான் கஷ்டம். அந்த வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் சதைக்கு. தெருமுனை அடிபம்பில் கைப்பிடியை அழுத்த அழுத்தத் தண்ணீர் மேலே வருகிற மாதிரி, ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அந்தச் சதை சுருங்கி உள்ளே இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களைப் பிழிகிறது. அந்தக் குழாய்களுக்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வுகள் இருப்பதால் ரத்தம் கீழே திரும்பாமல் இதயம் நோக்கிப் போகும். கர்ப்பத்தில் இது மூன்று வகையில் சிரமப்படுகிறது. ஹார்மோனால் ரத்தக்குழாயின் சுவர் தளர்ந்துபோகும். வளரும் கர்ப்பப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகிவிடாமல் இருக்க உடம்பு ரத்தத்தின் உறையும் தன்மையை முன்கூட்டியே கூட்டிவைக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதனாலேயே காலில் ரத்தம் கட்டும் ஆபத்து மற்ற நேரத்தைவிட நாலைந்து மடங்கு அதிகம். இந்த நிலையில் சம்மணம் போட்டு, முட்டியையும் தொடையிடுக்கையும் மடித்து, நாலு மணி நேரம் ஒரே இடத்தில் பீடி சுற்றினால் கால் வீங்காமல் என்ன செய்யும்?

பீடி சுற்றுபவர்களும், பத்தமடையில் பாய் நெய்பவர்களும், தையல் மெஷினில் உட்காருபவர்களும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றம் வரை இரண்டு நடை போய் வந்தாலே பலன் உண்டு. எழ முடியாத நேரத்தில் காலை நீட்டி, பாதத்தை முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை மடக்கி நீட்டலாம், கெண்டைக்கால் சுருங்குவது கைக்கே தெரியும். பீடித் தூள் பற்றியும் சொல்லணும். புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், தூசி மூச்சோடும் போகும். மாசமாக இருக்கும்போது அந்த வேலையை விட முடிந்தால் விடுவதே நல்லது. முடியாத வீடுகள் நிறைய இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, தூள் படிந்த சேலையை மாற்றிக்கொண்டால் கொஞ்சமாவது குறையும்.

அடுத்தது சர்க்கரை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் தாயின் இன்சுலினை வேண்டுமென்றே மந்தமாக்குகின்றன. பிள்ளைக்குத் தட்டுப்பாடில்லாமல் ரத்தத்தில் கொஞ்சம் அதிக சர்க்கரை இருக்கட்டும் என்பதற்காக. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். அதுவும் பற்றாதபோது கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய முறை நம் நாட்டில் பரவியதில் சென்னை மருத்துவர் வீ. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

தசைக்குள் சர்க்கரை போவதற்கு ஒரு புரதம் தேவை. அது சாதாரணமாகச் செல்லின் உள்ளே ஒதுங்கி இருக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலே, வேறு வழியாக, அந்தப் புரதம் மேலே வந்துவிடுகிறது! அதாவது நஞ்சுக்கொடி எதை மந்தமாக்கியதோ, அதைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை நம் தொடைச் சதையிலேயே இருக்கிறது. நடந்து முடித்த பிறகும் அந்தப் பலன் சில மணி நேரம் நிற்கும். மதியச் சோறு சாப்பிட்டுக் கால் மணி நேரம் மெதுவாக நடப்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

இப்போது நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுகிறோம். ஆடிப்பூரத்தில் நெல்லையப்பர் கோவில் காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடக்கிற ஊர் இது, அந்த அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இன்சுலின் மிகவும் மந்தமாவதும் அந்தக் கடைசி மாதங்களில்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அல்வாப் பொட்டலத்தோடு வர, பிள்ளைத்தாச்சி கட்டிலை விட்டு இறங்காமல் இருந்தால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றிவிடும். தாய்வீட்டார்தான் அவளை நடக்கக் கூட்டிப்போக வேண்டியவர்கள்.

"நடந்தா கரு கலைஞ்சிருமோ" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் கோளாறால் கலைபவை. அந்தப் பெண் படியேறியதாலோ துணி துவைத்ததாலோ இல்லை. இந்த ஒன்றைத் தெரியாமல் எத்தனை பெண்கள் ஆயுசுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்! மருத்துவர்களும் ஒருகாலத்தில் பயந்தவர்கள்தான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 1985-ல் நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது, ஆதாரம் போதாது என்று 1994-ல் எடுத்துவிட்டது. ஜேம்ஸ் கிளாப் என்ற மருத்துவர் உடற்பயிற்சி செய்த தாய்மார்களைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மிதமான பயிற்சியை ஆரம்பித்தவர்களின் நஞ்சுக்கொடி நன்றாக வளர்ந்திருந்ததைப் பார்த்தார். 2020-ல் உலக சுகாதார நிறுவனம், தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அதையும் மூன்று பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். மிதம் என்பதை அளக்கக் கருவி வேண்டாம், நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும். பேச்சே திணறினால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டியதுதான்.

திருநெல்வேலி வெயிலைக் கணக்கில் எடுக்காமல் இதைச் சொல்லக்கூடாது. வயிற்றுப் பிள்ளையின் உடல்சூடு தாயைவிட அரை டிகிரி போல அதிகம், அந்தச் சூட்டைத் தாயின் ரத்தத்தில்தான் பெரும்பாலும் இறக்க முடியும். தாயின் உள்சூடு 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீடித்தால், மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதல் வாரங்களில் ஆபத்து. ஆகவே சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் நடை வேண்டாம். விடியற்காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம், வெயில் தாழ்ந்த பிறகு நெல்லையப்பர் கோவில் பிரகாரம், இல்லையென்றால் சொந்தத் தெரு. கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். ஆற்றங்கரைப் படித்துறையில் மட்டும் கவனம், பாசி வழுக்கும், வயிறு முன்னால் வந்ததும் உடம்பின் நிலை மாறியிருக்கும்.

அந்த மாற்றத்தால்தான் இடுப்பு வலியும் வருகிறது. எடை முன்னால் சாயும்போது விழாமல் இருக்க முதுகு பின்னால் வளைகிறது, ரிலாக்சின் என்ற ஹார்மோன் இடுப்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகிறது. முதுகுக்கும் புட்டத்துக்கும் உள்ள சதை வலுவாக இருந்தால் வலி குறையும். சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பசு நிற்பது போலக் கையையும் முட்டியையும் ஊன்றி முதுகை மெதுவாக வளைத்து நிமிர்த்துவது எல்லாம் போதுமானவை. ஐந்தாம் மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம். கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். மூத்திரத்தை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவதை உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் மூத்திரம் கசியும் தொல்லையை இது குறைக்கும்.

இதையெல்லாம் செய்தால் சுகப்பிரசவம் உறுதியா என்று கேட்பார்கள். உறுதி இல்லை. அறுவைக்கான வாய்ப்பு ஓரளவு குறையலாம், ஆனால் பிள்ளை திரும்பியிருக்கும் விதமும், ரத்த அழுத்தமும், இன்னும் பலவும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. சிசேரியன் ஆன பெண்ணிடம் "நீ குனிஞ்சு நிமிர்ந்து வேலை பாக்கல, அதான்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், ரத்த அழுத்தம் ஏறியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், முன்கூட்டியே வலி வரும் அபாயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். மற்றவர்களும் ரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, விட்டுவிட்டு வலி எடுத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை விடாமல் வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.