பந்து வரும் முன்பே திரும்பும் தலை

கல்லூரிக் கால்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அணியில் ஒரு பையன் இருக்கிறான், பயிற்சியின்போது அவன் கொடுக்கும் பாஸ்கள் அத்தனையும் அற்புதம், யாருக்கும் தெரியாத இடைவெளி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. ஆனால் மேட்ச் நாளில், எல்லாருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், கோல் வாய்ப்புகளை உருவாக்கும் 10ஆம் எண் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தில் நிறுத்தினால் ஆளையே காணோம். பந்து வாங்குகிறான், முதுகில் ஒரு டிஃபெண்டர் வந்து மோதுகிறார், வந்த பக்கமே பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். "இவனை எங்கே நிறுத்தினால் சரியாக வரும்?" என்பது கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தித்தான் பதில் சொல்வார்கள். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், வலது, இடது. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. பலகை மைதானத்தை மீட்டரில் காட்டுகிறது, ஆட்டக்காரனோ அதை நொடியில்தான் உணர்கிறான். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் என்பதெல்லாம் புல்லுக்கான அளவு. பந்து காலுக்கு வந்த பிறகு அவனுக்கு எத்தனை நொடி மிஞ்சுகிறது என்பதுதான் அவன் நிற்கும் இடத்தின் உண்மையான அளவு.

துகள் இயற்பியலில் ஆய்வு செய்துவிட்டு இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் சேர்ந்த வில்லியம் ஸ்பியர்மேன் இப்படித்தான் மைதானத்தை வரைந்தார். களத்தில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், பந்து அங்கே போனால் முதலில் யார் போய்ச் சேருவார்? 22 பேரும் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டால் மைதானம் முழுக்க இரண்டு நிறங்களாகப் பிரியும். எது நம் நிலம், எது எதிரணியின் நிலம் என்று அப்போது தெரியும். ஒருவர் 2 அடி எடுத்து வைத்தால்கூட எல்லைக்கோடு நெளியும்.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம், கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையோடு அழுத்தி அடித்த பாஸ் நொடிக்கு 15 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளியிருந்து அவனுக்குப் பாஸ் வந்தால், பந்து வந்து சேர 1.3 நொடி. டிஃபெண்டர் 5 மீட்டர் பின்னால் நிற்கிறார். பாஸ் கிளம்பியதை உணர 0.3 நொடி, அப்புறம் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் 5 மீட்டரைக் கடக்க 0.7 நொடி, மொத்தம் 1 நொடி. அதாவது, பந்துக்கு முன்பே டிஃபெண்டர் வந்துவிடுகிறார்! கேலரியிலிருந்து பார்த்தால் அவன் சும்மா, ஆளில்லாமல் நிற்பது போலத்தான் தெரியும். 5 மீட்டர் என்பது கண்ணுக்கு நல்ல இடைவெளி. கணக்கிலோ அவனுக்குக் கையிருப்பு எதுவும் இல்லை, 0.3 நொடி கடன்தான் இருக்கிறது. டிஃபெண்டர் 10 மீட்டரில் நின்றாலும் மிஞ்சுவது வெறும் 0.4 நொடி. (வேகம் எடுக்க ஆகும் நேரத்தை நான் விட்டுவிட்டேன், அதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.)

இந்த 0.4 நொடியில் என்ன செய்ய முடியும்? விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்து என்கிற மாதிரி எளிமையான வேலைக்கே மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். தேர்வுகள் கூடக் கூட இந்த நேரமும் கூடும். வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் 1952இல் இதைச் சோதித்துக் காட்டினார். தேர்வுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கூடுகிறது. வலப்பக்கம் ஓடுகிறவர், இடப்பக்கம் ஓடுகிறவர், பின்னால் நிற்கிறவர், நானே திரும்பி ஓடலாமா, இத்தனையையும் பந்து வந்த பிறகு பார்த்து, எடைபோட்டு, முடிவெடுத்து, காலை அசைக்க 0.4 நொடி போதவே போதாது. அப்படியென்றால் நெருக்கடியான இடத்தில் அழகாகப் பாஸ் கொடுக்கிற ஆட்டக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்? பந்து வருவதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த விஷயம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

நம் கண் இருபுறமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 200 டிகிரி அகலம் பார்க்கிறது என்றாலும் அதில் கூர்மையாகத் தெரிவது நடுவில் ஏறத்தாழ 2 டிகிரிதான். கையை நேராக நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அகலம். மற்றதெல்லாம் மங்கல். ஏதோ அசைகிறது என்று தெரியும், அது யார், எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்பது தெரியாது. கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்தக் கணத்தில் வருகிற காட்சியை மூளை அடக்கியும் வைத்துவிடும். முதுகுக்குப் பின்னால் இருப்பதோ எந்தக் கணக்கிலும் வராது. ஆக, நடுக்களத்தில் நிற்கும் ஒருவர் தன்னைச் சுற்றி 360 டிகிரியில் நடப்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. தலையைத் திருப்ப வேண்டும்.

நார்வேயின் விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் இதைத்தான் பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆம், எண்ணுவதுதான் ஆய்வு. கேமராவைப் பந்தின் பக்கம் காட்டாமல் ஒரே ஒரு ஆட்டக்காரர் மேல் வைத்துக்கொண்டு, பந்து அவருக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளில் முகத்தைப் பந்திலிருந்து எத்தனை முறை வேறு பக்கம் திருப்பிப் பார்க்கிறார் என்று எண்ணினார். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 118 ஆட்டக்காரர்களைப் பார்த்ததில், அடிக்கடி தலையைத் திருப்பியவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கிலாந்தின் நடுக்கள வீரர்கள் ஃபிராங்க் லாம்பார்டும் ஸ்டீவன் ஜெரார்டும் நொடிக்குச் சுமார் 0.6 முறை. ஸ்பெயினின் நடுக்கள வீரர் ஸாவி 0.83 முறை. 10 நொடிக்கு 8 தடவை! பிறகு 2020இல் வெளியான, ஒரே அணியின் 27 பேரை 21 மேட்ச்களில் பின்தொடர்ந்த ஆய்விலும் அதே திசையில்தான் முடிவு வந்தது. ஆனால் மற்றக் காரணிகளையும் சேர்த்துப் பார்த்தால் விளைவு சிறியது என்றும் அவர்களே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். தலையைத் திருப்பினாலே ஸாவி ஆகிவிட முடியாது, பார்த்ததை வைத்து என்ன செய்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே.

எத்தனை முறை என்பதைவிட எப்போது என்பதுதான் என்னை மயக்குகிறது. பந்து ஒருவர் காலடியில் இருக்கும்போது அடுத்து எங்கே போகும் என்று தெரியாது, அப்போது கண்ணை எடுப்பது ஆபத்து. ஆனால் காலிலிருந்து கிளம்பிவிட்டால் அதன் பாதை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது, பார்க்காமலேயே எங்கே போய்ச் சேரும் என்று சொல்லிவிடலாம். தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர்பேக் இன்னொரு சென்டர்பேக்குக்கு 15 மீட்டர் பாஸ் அடிக்கிறார் என்றால் பந்துக்கு 1 நொடிப் பயணம். நல்ல நடுக்கள வீரர், பாஸ் அடிப்பவரின் கால் பந்தைத் தொடும் அந்த நொடியில் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்தவர் பந்தை நிறுத்துவதற்குள் முகத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். அடுத்த பாஸ், மறுபடி ஒரு பார்வை, இந்த முறை மற்றத் தோள். மேட்சை டிவியில் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு இந்தத் தலையை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள், பாஸின் சத்தத்துக்குத் தாளம் போடுவது போலவே இருக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததுதான் அவர் மண்டைக்குள் இருக்கும் வரைபடம். ஸ்பியர்மேன் கணினியில் போட்ட அதே வரைபடத்தை ஸாவி கழுத்தை வைத்துப் போட்டார். அந்த வரைபடம் நொடிக்கு நொடி பழையதாகிக்கொண்டே இருப்பதால்தான் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது இடங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரியும். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், எதிரணியின் நடுவரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் நிற்பவருக்குப் பந்து முன்னாலிருந்து வருகிறது, கோலோ முதுகுக்குப் பின்னால். எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரலாம். கழுத்துக்கு அதிக வேலை அங்கேதான், நேரம் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். நெருக்கடி கூடினால் பார்வைகள் குறைகின்றன என்பதும் அந்த 2020 ஆய்விலேயே இருக்கிறது. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், நின்றால் எல்லைக்கோடு ஒரு சுவர் மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள், பார்க்க வேண்டியது பாதிதான், ஆனால் பாஸ் போகக்கூடிய திசைகளும் பாதிதான். விங்குக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பட்டையில், ஜெர்மானியர்கள் அரைவெளி என்று அழைக்கும் இடத்தில், உடல் இயல்பாகவே கோலை நோக்கிச் சாய்வாகத் திரும்பி நிற்கும், ஒரே பார்வையில் கோலும் தூரத்து விங்கும் தெரியும். மான்செஸ்டர் சிட்டியில் கெவின் டி ப்ருய்னே வலது அரைவெளியிலிருந்து பந்தை வளைத்து அனுப்புவதில் பேர்போனவர், 2019–20 லீக்கில் 20 கோல்களுக்கு வழி செய்தார். கடைசியாக, தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் ஆழத்தில் நின்றால் ஆட்டத்தின் பெரும்பகுதி கண்ணுக்கு முன்னாலேயே விரிந்திருக்கும்.

ஆழத்தில் நிற்பவருக்கு முந்தைய கணக்கையே போடுங்கள். சென்டர்பேக்கிடமிருந்து 10 மீட்டர் பாஸ், 0.7 நொடி. கிட்டத்து எதிரி 12 மீட்டரில், வந்து சேர 2 நொடி. மிஞ்சுவது 1.3 நொடி. 0.4க்கும் 1.3க்கும் நடுவில்தான் இத்தாலிய ஆட்டக்காரர் ஆந்த்ரேயா பிர்லோவின் வாழ்க்கையே மாறியது.

பிர்லோ இளம் வயதில் 10ஆம் எண் இடத்து ஆட்டக்காரர்தான். இன்டர் மிலானில் அந்த இடத்தில் அவர் நிலைக்கவில்லை. 2001இல் கடனாக பிரெஷா அணிக்குப் போனபோது அங்கே அந்த இடத்தில் இத்தாலியின் நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜ்ஜோ இருந்தார். பயிற்சியாளர் கார்லோ மஸ்ஸோனே பிர்லோவைப் பின்னால் இழுத்து, தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். அந்த ஏப்ரலில் யுவென்டஸுக்கு எதிராகப் பிர்லோ ஆழத்திலிருந்து தூக்கி அனுப்பிய பந்தை, பாஜ்ஜோ ஒரே தொடுதலில் கோல்கீப்பரைத் தாண்டிக் கொண்டுபோய் கோலாக்கினார். கால் அதே கால்தான், கண்ணும் அதே கண்தான், கூடியது நொடிகள் மட்டும். பிறகு ஏசி மிலானில் கார்லோ ஆன்செலோட்டி அதே இடத்தை அவருக்கு நிரந்தரமாக்கினார், பக்கத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்துக் கொடுக்க கட்டூஸோவை வைத்துக்கொண்டு. இந்தப் பின்பாதியை மறந்துவிடக் கூடாது. ஆழத்தில் நிற்கும் படைப்பாளிக்கு மற்றவர்களின் கால்கள் கடனாகக் கிடைக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாப் படைப்பாளிகளையும் பின்னால் நிறுத்திவிடலாமே? முடியாது, பின்னால் போகப் போக பாஸின் மதிப்பு குறைகிறது. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் பந்து இருந்தால் அடுத்த சில நகர்வுகளுக்குள் கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அதன்படி நம் பாதியில் மதிப்பு மிகச் சொற்பம், பெனால்டி பாக்ஸை நெருங்கும்போது கிடுகிடுவென்று ஏறும். ஆழத்தில் பந்தைப் பறிகொடுத்தால் எதிரணிக்கு நம் கோல் பக்கத்திலேயே இருக்கிறது என்பது வேறு. முன்னால் போனால் மதிப்பு ஏறுகிறது, நேரம் இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் எங்கே உச்சம் வருகிறதோ அதுதான் ஒருவரின் இடம். கழுத்தும் முதல் தொடுதலும் எவ்வளவு தேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த உச்சம் ஆளுக்கு ஆள் இடம் மாறும். 0.4 நொடியில் வாழத் தெரிந்தவருக்கு அது முன்னால் இருக்கும், 1.3 நொடி தேவைப்படுபவருக்குப் பின்னால்.

இதைப் பிறவி ஞானம் என்றும், 10ஆம் எண் சட்டையின் ராசி என்றும் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பிறவி வரம் என்று சொன்ன மறுநிமிடமே மற்றப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பிலிருந்து நாம் விலகிவிடுகிறோம். தலையைத் திருப்பிப் பார்ப்பது எண்ணக்கூடிய, பழக்கக்கூடிய ஒரு செயல். இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஆட்டக்காரர்களின் நகர்வை நொடிக்கு 25 முறை பதிவு செய்யும் தரவுகள் பெரும்பாலும் கிளப்களின் பூட்டுக்குள்ளேயே கிடக்கின்றன, வெளியே ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது சொற்பம். பொதுப்பணம் வாங்கும் விளையாட்டு அமைப்புகளாவது பெயர்களை நீக்கிவிட்டு அதைத் திறந்துவிட வேண்டும். கூட்டத்துக்கு நடுவே நகர்ந்துகொண்டே மனிதன் எப்படிப் பார்க்கிறான், எப்படி முடிவெடுக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தோன்றவில்லை.

சரி, அந்தப் பையன். அடுத்த மூன்று மேட்ச்களுக்கு யாரிடமாவது ஒரு போனைக் கொடுத்து, பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் மேட்ச் இப்போதைய இடத்தில், அடுத்தது அரைவெளியில், மூன்றாவது ஆழத்தில், பக்கத்தில் நன்றாக ஓடக்கூடிய ஒருவரோடு. பந்து அவனுக்கு வருவதற்கு முந்தைய 10 நொடியில் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறான், பந்து வந்து சேரும்போது தோள் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறதா, முதல் தொடுதல் முன்னோக்கியா பின்னோக்கியா என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் அவன் தலை திரும்பவே இல்லையென்றால் இடத்தை மாற்றுவதற்கு முன் கழுத்தைப் பழக்குங்கள், பயிற்சியில் பந்து பாதி வழியில் இருக்கும்போது அவன் பின்னால் நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டாலே போதும், ஆரம்பத்துக்கு. முன்னால் நிற்கும்போது நன்றாகப் பார்க்கிறான், ஆனால் பந்து மட்டும் பின்னாலேயே போகிறது என்றால் அவனுக்குத் தேவை இன்னும் ஒரு நொடி. என் ஊகம் இதுதான், ஏனென்றால் பயிற்சியில் அவன் கண்ணுக்கு இடைவெளி தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருந்தால் பின்னால் கொண்டுவாருங்கள், பாஜ்ஜோ மாதிரி பாஸ் வரும் முன்பே ஓடத் தொடங்குகிற ஒருவரை முன்னால் நிறுத்துங்கள்.