விகடகவியைப் பிடிக்கும் ஒற்றை வரி

'விகடகவி', 'தேருவருதே' போல எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத சொல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடப் பயன்படும் சுருக்கக் குறியீட்டால்) கண்டுபிடிக்க முடியுமா? கோட்பாட்டின்படி முடியாது. முன்பாதி எழுத்துகளை நினைவில் வைத்துப் பின்பாதியில் தலைகீழாக ஒப்பிட வேண்டும். சொல்லின் நீளத்துக்கு எல்லையில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு அடிப்படையான முடிவுறு தானியங்கி என்னும் கணிப்பு மாதிரியின் நினைவுக்கோ எல்லை உண்டு. நீளம் முன்பே தெரிந்தால் சுலபம்: ^(.)(.).?\2\1$ என்பது 4 அல்லது 5 குறிகள் (கணினி தனித்தனியாகச் சேமிக்கும் எழுத்துத் துண்டுகள்) கொண்ட அப்படிப்பட்ட சொல்லைப் பிடித்துவிடும். இதில் ^ தொடக்கம், $ முடிவு, புள்ளி ஏதாவது ஒரு குறி; \1, \2 ஆகியவை அடைப்புகளில் முன்பு பிடித்ததையே மறுபடி கேட்கும்.

எந்த நீளத்துக்கும் வேண்டுமென்றால், பெர்ல் மொழி 2007-இல் 5.10 பதிப்பில் கொண்டுவந்த மீள்அழைப்பு வேண்டும்:

^((.)(?1)\2|.?)$

(.) ஒரு குறியைப் பிடிக்கிறது. (?1) இதே விதியை உள்ளே மறுபடி அழைக்கிறது. உள்ளழைப்பு முடிந்ததும், இந்த அடுக்கில் பிடித்த மதிப்பே \2-க்குத் திரும்பக் கிடைக்கிறது. மொத்த வித்தையும் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது. நடுவில் மிஞ்சும் ஒற்றைக் குறியையோ வெற்றிடத்தையோ .? ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் இந்த வரியை எல்லா இடத்திலும் நம்பிவிடக்கூடாது. பிற மொழிகளும் பயன்படுத்தும் பிசிஆர்இ2 என்னும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் 10.30 பதிப்புக்கு முன்புவரை, ஒருமுறை வென்ற உள்ளழைப்பை மீண்டும் திறந்து வேறு நீளத்தில் முயல முடியாது. அதில் 'தகதகத' கொடுத்துப் பாருங்கள். ஆழத்து அடுக்குகள் கடைசி 'தகத'வை விழுங்கிவிடுவதால், இரண்டாம் அடுக்குக்குத் தன் 'க'வின் ஜோடி கிடைக்காது. வெறும் 'க'வோடு திரும்பிவிடும். வெளி அடுக்கு முதல் 'தகத'வோடு நின்றுபோக, $ தோற்கும். பெர்லில் இதே சொல் பொருந்தும். பைத்தானின் ரீ தொகுதியில் (?1) கிடையவே கிடையாது.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதிகம் பேர் இடறுவது இங்கேதான். 'விகடகவி' நமக்கு 5 எழுத்து, யூனிகோடில் 7 குறிகள்: வ, ி, க, ட, க, வ, ி. முதல் குறி வ, கடைசிக் குறி ி. புள்ளி குறிகளைத்தான் எண்ணும் என்பதால் பொருந்தாது. பைத்தானில் [::-1] போட்டுத் திருப்பினாலும் இதே தவறுதான். பெர்லிலும் பிசிஆர்இயிலும் இரண்டு புள்ளிகளுக்கும் பதிலாகப் பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் எழுத்தைப் போட்டால், உயிர்மெய் முழுதாகப் பிடிபடும். பெர்ல் நிரலை யூடிஎஃப்-8 என்று அறிவிக்க மறந்தால் அதே சொல் 21 பைட்டுகளாகச் சிதறும். 'மோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ே, ா என இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பீட்டுக்கு வேறு. ஆகவே முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றி, இடைவெளிகளை நீக்கிவிடுங்கள்.

நீண்ட உரைக்கு இந்த வழி வேண்டாம். நீளம் இருமடங்கானால் மோசமான நிலையில் வேலை ஏறக்குறைய 4 மடங்காகும். பிஎச்பி மொழியில் இந்த வேலை அதற்கான வரம்பைத் தாண்டினால், 'பொருந்தவில்லை' என்னும் 0 அல்ல, பிழையைக் குறிக்கும் ஃபால்ஸ் வரும்; இரண்டையும் === கொண்டு பிரித்துப் பார்க்காவிட்டால், சரியான சொல்லும் தவறென்று தள்ளப்படும்.