நடுவிரல் நகத்தின் மேல் ஐந்நூறு கிலோ

அமெரிக்கக் குதிரைப் பந்தய வட்டாரத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு சொல் உண்டு. ஓட்டத்தின் நடுவே கால் முறிந்து விழுந்த குதிரையைப் பற்றிக் கேட்டால், ‘ஓர் அடி தப்பாக வைத்துவிட்டது’ என்பார்கள். சொல்பவருக்கு மிகவும் வசதியான சொல் அது. தப்பியது குதிரையின் அடி; அதை வாங்கியவர், பயிற்றியவர், ஏறி ஓட்டியவர், பந்தயம் நடத்தியவர் எவருக்கும் அதில் பங்கில்லை என்றாகிவிடுகிறது. ஆனால் முறிந்த எலும்புகளை அறுத்துப் பார்த்துவந்த கால்நடை நோயியலாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் திரட்டிய சான்றுகள் இந்தச் சொல்லுக்கு எதிராகவே இருக்கின்றன. பெரும்பாலான முறிவுகள் அந்த ஓர் அடியில் தொடங்குவதில்லை. பல வாரங்களாக எலும்புக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்று அந்த அடியில் முடிகிறது. குதிரைப் பந்தயத்தின் அறத்தைப் பற்றிப் பேசப் புகுபவர்கள் முதலில் இந்த எலும்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே பாரம் தாங்கி நிற்பவை ஓர் உள்ளங்கை எலும்பும் ஒரே ஒரு விரலும் மட்டுமே. ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், முன்னங்காலில் நான்கு விரல்களோடு காட்டில் திரிந்த நாயளவு மூதாதையின் வழித்தோன்றல், புல்வெளியில் விரைந்தோடும் விலங்காக மாறிய நெடும்பயணத்தில் மற்ற விரல்களை இழந்து நடுவிரலில் நின்றுவிட்டது. குளம்பு என்பது அந்த நடுவிரலின் நகம். மணிக்கட்டுக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படியான தசை எதுவும் இல்லை. எலும்பு, அதன் மேல் ஓடும் தசைநாண்கள், மூட்டு நார்கள், மெல்லிய தோல், அவ்வளவுதான். இது குறையன்று. நுனியில் இரும்புப் பூண் ஏறிய உலக்கையைவிட வெறும் கழியை வீசித் திருப்புவது எளிது. காலின் நுனி எடை குறையக் குறைய அதை முன்னே வீசச் செலவாகும் ஆற்றலும் குறைகிறது. தசைகளை எல்லாம் தோளிலும் தொடையிலும் வைத்துக்கொண்டு, நீண்ட தசைநாண்களை வில்லின் நாண்போல இழுத்துவிட்டு ஓடுவதால்தான் ஐந்நூறு கிலோ எடையுள்ள ஓர் உயிரால் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் செல்ல முடிகிறது.

அதற்கான விலையையும் அந்தக் காலே கொடுக்கிறது. நாலுகால் பாய்ச்சலில், ஒவ்வோர் எட்டிலும் சில கணங்கள் குதிரையின் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. வேகத்தோடு சேர்ந்து இறங்குவதால் அந்தக் காலின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அதாவது ஒரு டன்னுக்கும் மேல். இது நிமிடத்துக்கு நூற்றைம்பது முறையை நெருங்கி நிகழ்கிறது. குளம்புக்குச் சற்று மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டு ஒவ்வொரு முறையும் தரையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்ந்து மீள்கிறது. இழுபட்டு மீளும் தசைநாணின் உட்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்த மூட்டின் பின்புறம் கப்பிபோல் அமைந்து நார்களைத் தாங்கி நிற்பவை இரண்டு சிறு எலும்புகள். செசமாய்டு என்று அவற்றுக்குப் பெயர். எள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பந்தயத்தில் குதிரைகள் இறப்பதற்கு மிகுதியான காரணமாக இருப்பவை ஃபெட்லாக் மூட்டின் முறிவுகள். அவற்றிலும் இந்த எள்ளெலும்புகளின் முறிவே முன்னால் நிற்கிறது.

எலும்பை நாம் மரம்போலவோ கல்போலவோ எண்ணிக்கொள்கிறோம். அது உயிருள்ள திசு. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் இதை 1892இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் அதற்குள் நுண்ணிய விரிசல்கள் சேர்வதுபோல, ஒவ்வொரு வேக ஓட்டமும் எலும்புக்குள் நுண்விரிசல்களை உண்டாக்குகிறது. கம்பிக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாடு, எலும்பு அவற்றைப் பழுதுபார்க்கும் என்பதே. முதலில் ஒருவகைச் செல்கள் சேதமடைந்த பகுதியை அரித்து எடுக்கின்றன. பிறகு வேறொரு வகைச் செல்கள் அந்தக் குழியைப் புதிய எலும்பால் நிரப்புகின்றன. சிக்கல் கால அளவில் இருக்கிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். நிரப்பிக் கெட்டிப்படுத்த மாதக்கணக்கில் ஆகும்.

ஓட்டு வீட்டில் கைமரம் மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஓட்டைப் பிரித்தாக வேண்டும். பிரித்துப் போட்ட நாளில் மழை பிடித்துக்கொண்டால், பழுதான கூரையே மேல் என்று தோன்றும். குதிரையின் எலும்பிலும் அதுவே நடக்கிறது. கடும் பயிற்சியில் இருக்கும்போது பழுதுபார்க்கும் வேலை பெருமளவு ஒடுங்கிக் கிடக்க, விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஓய்வு கொடுத்ததும் அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. குழிகள் நிரம்புவதற்கு முன்னரே, ‘இரண்டு மாதம் நன்றாக ஓய்வெடுத்துவிட்டது’ என்று நம்பி மீண்டும் வேகமாக ஓட்டினால், எலும்பு மிகவும் துளைபட்டிருக்கும் நேரத்தில் மிகுந்த பாரம் விழுகிறது. மேற்கை எலும்பில் நேரும் சில கொடிய முறிவுகள், நீண்ட ஓய்வுக்குப் பின் பயிற்சிக்குத் திரும்பிய குதிரைகளிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆக, ஓய்வில்லாமல் ஓட்டுவதும் ஆபத்து, ஓய்வு தந்துவிட்டு அவசரப்படுவதும் ஆபத்து.

இந்த இடத்தில், பந்தயத்தை எதிர்ப்பவர்கள் பலரும் வைக்கும் ஒரு வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். வட அரைக்கோளத்தில் பிறக்கும் தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் தேதியே பிறந்தநாள் என்று பதிவாவதால், மே மாதம் பிறந்த குட்டி இரண்டு வயது நிறைவதற்கு முன்பே இரண்டு வயதுக் குதிரையாகக் களத்தில் நிற்க நேரும். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் ஐந்து வயதை ஒட்டியே முழுமையாக மூடும் நிலையில், இது குழந்தையைச் சுமை தூக்க வைப்பது அன்றி வேறென்ன என்று கேட்கிறார்கள். கேட்கத் தக்க கேள்விதான். ஆயினும் இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிய குதிரைகள், பின்னர் தொடங்கியவற்றைவிடக் கூடுதல் காலம் களத்தில் நீடிக்கின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. வலுவானவையே சீக்கிரம் களத்துக்கு வருகின்றன என்பது அதற்கு ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் வளரும் எலும்புதான் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மிக நன்றாக வடிவமைத்துக்கொள்கிறது என்பதும் உண்மை. வயதைவிட முறைதான் கேடு செய்கிறது. இளம் எலும்புக்கு வேண்டியவை குறுகிய வேக ஓட்டங்களும் இடையிடையே போதிய நாட்களும். பந்தய நாட்காட்டியோ பரிசுத் தொகையைப் பார்த்து எழுதப்படுகிறது.

கலிஃபோர்னியா மாநிலத்தில் 1990 முதல், பந்தய மைதானங்களில் இறக்கும் ஒவ்வொரு குதிரையும் உடற்கூறாய்வு செய்யப்படுகிறது. உலகுக்கே பாடம் தந்த ஏற்பாடு அது. 2018 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2019 ஜூன் வரை நீடித்த ஒரே பருவத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகிலுள்ள சான்டா அனிட்டா மைதானத்தில் 30 குதிரைகள் இறந்து பெரும் கொந்தளிப்பு எழுந்தபோது, அவற்றில் முதல் மூன்று மாதங்களில் இறந்த 23 குதிரைகளைப் பற்றி மாநிலக் குதிரைப் பந்தய வாரியம் விரிவான அறிக்கை வெளியிட்டது. 22 சாவுகளுக்கு எலும்பு, மூட்டுக் காயங்களே காரணம். அந்த 22இல் 21 குதிரைகளில், முறிந்த அதே இடத்தில் பழைய சேதம் இருந்தது. சட்டவிரோத மருந்து கொடுத்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றும் அறிக்கை சொன்னது. எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி வரிதான். விதியை மீறிய எவரையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால், விதிக்கு உட்பட்டே அத்தனையும் நடந்திருக்கிறது என்று பொருள்.

விரிசல் விட்ட எலும்பு வலிக்காதா? வலிக்கும். ஆனால் குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. நொண்டிக் காட்டுவது புலிக்கும் ஓநாய்க்கும் அழைப்பு அனுப்புவதாகும் என்பதால், வலியை மறைப்பதே அதன் இயல்பு. காதுகள் விறைத்துப் பின்சாய்வது, கண்ணைச் சுற்றித் தசை இறுகுவது, நாசித்துளை விறைப்பது போன்ற முகக்குறிகளைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை ஆய்வாளர்கள் 2014இல்தான் உருவாக்கினார்கள். மறைத்தும் மீறி வெளிப்படும் வலியை ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்துகளும், மூட்டுக்குள் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசிகளும் அடக்கிவிடுகின்றன. சிகிச்சை என்ற அளவில் இவை தேவையானவை. ஊசி போட்ட குதிரை அடுத்த வாரமே ஓடும்போதுதான், வலி என்னும் காவலாளியை மயக்கிவிட்டு வீட்டைத் திறந்துபோட்ட கதையாகிறது. அமெரிக்காவின் இப்போதைய விதிகளின்படி மூட்டு ஊசிக்கும் பந்தயத்துக்கும் இடையே 14 நாட்களாவது இருக்க வேண்டும்.

முறிந்த காலை ஏன் கட்டுப்போட்டுக் குணப்படுத்துவதில்லை என்பது பலருக்கும் எழும் கேள்வி. 2006 மே மாதம் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை ஆறரைக் குதிரை நீள முன்னிலையில் வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரங்களில் ப்ரீக்னஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கி நின்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் டீன் ரிச்சர்ட்சன் தலைமையிலான குழு உலோகத் தகடும் 27 திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தது. மயக்கம் தெளியும் குதிரை மிரண்டு உதைத்து மாவுக்கட்டையே உடைத்துக்கொள்ளும். 1975இல் ரஃபியன் என்ற பெண் குதிரை அப்படித்தான் இழக்கப்பட்டது. ஆகவே பார்பரோவை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு விழிக்க வைத்தார்கள். எலும்பு கூடியும் வந்தது. ஆனால் முறிந்த காலைக் காக்க மற்றக் கால்களில் பாரம் ஏறியது. குளம்பின் உட்சுவரையும் உள்ளிருக்கும் விரலெலும்பையும் கோத்துவைத்திருக்கும் மெல்லிய இதழடுக்குகளுக்கு, கால் மாறி மாறி ஊன்றி எழுந்தால்தான் இரத்தம் ஒழுங்காகச் செல்லும். இடைவிடாது ஊன்றிய காலில் அவை நலிந்து, எலும்பு குளம்பை விட்டுப் பிரியத் தொடங்குகிறது. லேமினைட்டிஸ் என்னும் இந்த நோய்தான் பார்பரோவை வீழ்த்தியது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின், 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள். பணமும் திறமையும் அன்பும் குறைவின்றிக் கிடைத்த குதிரைக்கே இதுதான் முடிவு என்றால், மைதானத்தில் திரை கட்டி ஊசி போடும் மருத்துவரைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் கைக்கு வரும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

இங்கே நம் ஊர் வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. குதிரைப் பந்தயத்தையும் அதன் பணயத்தையும் ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தவும் ஒரு சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஜனவரியில் தீர்ப்பு கிளப்புக்குச் சாதகமாக அமைந்தது. குதிரையின் வெற்றி அதிர்ஷ்டத்தால் அமைவதன்று, வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவற்றால் பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. எனவே இது சூதாட்டம் அன்று என்பதே அதன் சாரம். குதிரையின் நலம் அந்த வழக்கின் பொருள் அன்று. ஆனால் அந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொள்பவர்கள் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டியிருக்கும். வெல்வது மனிதத் திறமையால் என்றால், முறிவதை மட்டும் விதியின் கணக்கில் எழுத முடியாது.

மனிதர் கையில் இருப்பதால்தான் சாவைக் குறைக்கவும் முடிந்திருக்கிறது. அமெரிக்க ஜாக்கி கிளப்பின் குதிரைக் காயப் பதிவேடு தொடங்கிய 2009இல், ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 சாவுகள் பதிவாயின. 2022 முதல் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்திவரும், கூட்டாட்சிச் சட்டத்தின்படி அமைந்த ஆணையத்தின் கீழுள்ள மைதானங்களில் 2024இல் அது 0.90. தளத்தின் ஈரத்தையும் இறுக்கத்தையும் நாள்தோறும் அளப்பது, மணலோடு மெழுகும் இழையும் கலந்த செயற்கைத் தளங்கள், மருந்துக் கட்டுப்பாடு, பந்தயத்துக்கு முன்னரான மருத்துவச் சோதனை எனப் பலவும் இதில் சேரும். எனினும் இந்தக் கணக்கை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. ஆயிரத்துக்கு ஒன்று என்பது ஓட்டத்துக்கான கணக்கு. ஆண்டுக்கு ஆறு முறை ஓடும் குதிரைகள் ஆயிரம் இருந்தால், ஆண்டில் இறப்பவை ஆறு. அதிலும் பந்தயம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் நேரும் சாவுகளே சேரும். விடியற்காலைப் பயிற்சியில் விழுந்தவையும், ஓட முடியாமல் விற்கப்பட்டுக் கண்ணுக்கு மறைந்தவையும் அந்த எண்ணுக்கு வெளியே.

முறிவதற்கு முன்பே விரிசலைக் காணும் கருவிகளும் வந்துவிட்டன. குதிரையை நின்றபடியே படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவி 2019 இறுதியில் அதே சான்டா அனிட்டாவில் நிறுவப்பட்டது. சாதாரண எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைக் காட்டும். இதுவோ எலும்பு எந்த இடத்தில் தன்னை மும்முரமாகத் திருத்திக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும், அதாவது கூரை பிரிக்கப்பட்டிருக்கும் இடத்தை. ஆஸ்திரேலியாவில் 2020 மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்தில், இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை வென்ற ஆன்தனி வான் டைக் என்ற குதிரை ஃபெட்லாக் முறிந்து இறந்ததைத் தொடர்ந்து, வெளிநாட்டுக் குதிரைகளுக்குச் சி.டி. ஸ்கேன் கட்டாயமாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அந்த ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்கள், ஆன்தனி வான் டைக்கைப் பயிற்றிய அதே அயர்லாந்துப் பயிற்சியாளர் ஏய்டன் ஓ’பிரையனின் லாயத்திலிருந்து வந்த ஜான் பிரூகல் என்ற குதிரைக்குக் காய ஆபத்து கூடுதல் என்று சொல்லி ஓட அனுமதி மறுத்தார்கள். குதிரை முழு நலத்தோடு இருப்பதாகப் பயிற்சியாளர் கடுமையாக வாதிட்டார். அடுத்த ஜூன் மாதம் அது எப்சமில் கொரோனேஷன் கோப்பையை வென்றது. ஸ்கேன் தவறு என்று சொல்ல அந்த வெற்றி போதுமா, அல்லது இடையில் கிடைத்த ஏழு மாதங்களில் எலும்பு தன் குழிகளை நிரப்பிக்கொண்டதா? அன்று மெல்பர்னில் ஓடவிட்டிருந்தால் மட்டுமே இதற்கு விடை கிடைத்திருக்கும்.