வழக்கில் யார் பெயரை எழுதுவது?

ஒரு முதுகலை மாணவர் மின்னஞ்சல் அச்சுக் கற்றையோடு என்னிடம் வந்தார். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவர். நிர்வாகத்தை விமர்சித்து நோட்டீஸ் கொடுத்ததற்காக அவரை நீக்கியிருந்தார்கள். "யுனிவர்சிட்டி மேல கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கணும் சார்" என்றார். அது அத்தனை சுலபமில்லை என்று புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

குடியுரிமை இல்லாதவர்களும் பயன்படுத்தக்கூடிய 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வக்கீல்கள் 'செக்‌ஷன் 1983' என்போம். அரசு அதிகாரத்தை வைத்து உங்கள் உரிமையைப் பறித்த 'நபர்' மீது அதில் வழக்குப் போடலாம். மாநிலம் அந்த 'நபர்' ஆகாது என்று 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் மாநிலத்தின் அங்கம்தான். ஆக, அதன் பெயரைப் போட்டுப் பணம் கேட்டால் மனு வாசலிலேயே திரும்பிவிடும். டீனை அவர் வகிக்கும் பதவியின் பேரில் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு கேட்கலாம். பணம் கேட்க முடியாது. பணம் வேண்டுமென்றால் அவரைத் தனிநபராகச் சேர்க்க வேண்டும்.

சரி, சேர்த்தாயிற்று. அப்போது அவர் எடுக்கும் கேடயம்தான் 'குவாலிஃபைட் இம்யூனிட்டி', அதாவது அதிகாரிகளுக்குள்ள வரம்புக்குட்பட்ட வழக்குப் பாதுகாப்பு. உரிமை மீறப்பட்டது என்று காட்டினால் மட்டும் போதாது; அது மீறல் என்பது அந்த நாளிலேயே தீர்ப்புகளால் தெளிவாகியிருக்க வேண்டும். 1982 முதல் இதுதான் அளவுகோல்.

ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஒரு மாணவி மாணவர் மையத்துக்கு வெளியே மேசை போட்டு, தன் புதிய அமைப்புக்கு ஆள் சேர்த்தார். அங்கே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். தடுத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே 2020-ல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் உரிமை அன்று தெளிவாக நிலைபெறவில்லை என்று அதிகாரிகளை விட்டுவிட்டது. ஜெயித்தும் தோற்ற கதை! உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்கவில்லை. நீதிபதி தாமஸ் மட்டும், நொடியில் முடிவெடுக்கும் போலீஸ்காரருக்குத் தரும் பாதுகாப்பை, ஆற அமர யோசித்து விதி போடும் பல்கலைக்கழக அதிகாரிக்கும் ஏன் தர வேண்டும் என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். இத்தனைக்கும் நஷ்டஈட்டை அதிகாரி தன் பையிலிருந்து கட்டுவது அபூர்வம்.

எப்போதும் இப்படி முடிவதில்லை. அயோவா பல்கலைக்கழகம் சில மத மாணவர் அமைப்புகளின் அங்கீகாரத்தை மட்டும் குறிவைத்து நீக்கிய வழக்குகளில், அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல் அதிகாரிகளுக்குக் கேடயம் தர மறுத்தது.

இன, தேசியப் பூர்விக, பாலினப் பாகுபாடு என்றால் பாதையே வேறு. மத்திய நிதி வாங்கும் பல்கலைக்கழகத்தின் மீது டைட்டில் சிக்ஸ் (இனம், தேசியப் பூர்விகம்), டைட்டில் நைன் (பாலினம்) சட்டங்களின்படி நேரடியாகவே போகலாம். மாநிலம் என்ற கேடயம் அங்கே செல்லாது. ஸ்டான்ஃபோர்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக செக்‌ஷன் 1983 பொருந்தாது.

என்னிடம் வந்த மாணவரோ, பல்கலைக்கழகத் தலைவரின் பெயரைத்தான் போடச் சொன்னார். மேலதிகாரி என்பதற்காக மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. கற்றையைப் புரட்டினோம். நீக்க உத்தரவில் இருந்த கையெழுத்து ஓர் உதவி டீனுடையது. தலைவர் பெயர் எங்கேயும் இல்லை. மாணவர் அச்செடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று, நீக்கிய கையோடு அவர் மின்னஞ்சல் கணக்கையும் மூடிவிட்டார்கள்.

செக்‌ஷன் 1983 வழக்குப் போடும் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம், டென்னஸியில் ஒரே வருடம். பல்கலைக்கழகத்துக்குள் முறையீடு நடக்கிறதே என்று காத்திருந்தால், பெரும்பாலும் அந்தக் கடிகாரம் உங்களுக்காக நிற்காது.