மார்க் ஏறியதா? சரி, எதனால் ஏறியது?

வகுப்பில் புது முறை ஒன்றைச் செய்து பார்த்துப் பேப்பர் எழுதும் ஆசிரியர்கள், கணக்கைச் சரிபார்க்க என்னிடம் வருவதுண்டு. போன வாரம் இன்னொரு மேடம் வந்தார். பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் அசிஸ்டென்ட் புரொபசர், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. பென் டிரைவை நீட்டி, "சார், பசங்களை ரெண்டு ரெண்டு பேரா உட்கார வெச்சு சி புரோகிராமிங் லேப் நடத்தினேன். செமஸ்டர் ஆரம்பத்துல ஒரு டெஸ்ட், கடைசியில ஒரு டெஸ்ட். சராசரி 31-லிருந்து 58-க்கு வந்திருச்சு. பி வேல்யூ 0.000. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, ஜர்னலுக்கு அனுப்பணும்" என்றார். இந்தக் கல்வியாண்டில் என்னிடம் வந்த ஐந்தாவது பென் டிரைவ் அது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சரியாகத்தான் இருந்தது. அதுதான் வருத்தமே.

நாலு மாதம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு மார்க் ஏறாமல் என்ன செய்யும்? பென்னாகரம் பக்கம் ஒருவர் கேழ்வரகு விதைத்து, புதிதாக ஒரு உரம் போட்டு, விதைத்த அன்று ஒரு தடவையும் கதிர் முற்றியபோது ஒரு தடவையும் பயிரை அளந்துவிட்டு, "பார்த்தீர்களா, உயரம் கூடிவிட்டது, உரம் வேலை செய்கிறது" என்றால் ஊரில் சிரிப்பார்கள். பக்கத்து வயலில் உரம் போடாத கேழ்வரகு எவ்வளவு வளர்ந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். வயலில் தெரிகிற இந்த விஷயம் வகுப்பறைக்குள் வந்ததும் நமக்கு மறந்துவிடுகிறது. பி வேல்யூவும் இதற்குக் காப்பாக வராது. மாற்றமே நடக்காதிருந்தால் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது என்று மட்டும்தான் அது சொல்லும், யாரால் எதனால் வந்தது என்று சொல்லாது. (போகிற போக்கில் ஒன்று: 0.000 என்றால் சுழியம் இல்லை. சாஃப்ட்வேர் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். 0.001-க்கும் குறைவு என்று எழுதுங்கள்.)

1998-இல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியல் பேராசிரியர் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் முன் தேர்வு, பின் தேர்வு மதிப்பெண்களைத் திரட்டி வெளியிட்டார். முன் தேர்வில் விட்ட மதிப்பெண்ணில் எத்தனை பங்கைப் பிறகு பிடித்தார்கள் என்பது அவருடைய அளவு. ஆசிரியர் பேச, பிள்ளைகள் குறிப்பெடுக்கும் வழக்கமான 14 வகுப்புகளிலும் மார்க் ஏறத்தான் செய்தது, சராசரியாக 0.23 பங்கு. பிள்ளைகளைப் பேச வைத்து, செய்ய வைத்து நடத்திய 48 வகுப்புகளில் 0.48. அந்த 14 வகுப்புகள் இல்லாவிட்டால் 0.48 என்பது வெறும் எண். நீங்கள் என்னிடம் கொண்டு வருவது அந்த எண்ணைத்தான்.

"அப்போ ஏ செக்‌ஷனையும் பி செக்‌ஷனையும் ஒப்பிடலாமா சார்?" என்று அந்த மேடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் உங்கள் கல்லூரியில் செக்‌ஷன் எப்படிப் பிரிக்கிறார்கள்? நான் பார்த்த இடங்களில் கவுன்சிலிங்கில் முதலில் வந்து சேர்ந்தவர்கள் ஏ, கடைசிச் சுற்றில் வந்தவர்கள் பி, டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டுக்கு வருகிறவர்கள் மொத்தமும் பி. இதில் ஏ செக்‌ஷனுக்குப் புது முறை என்றால் முடிவை முன்னாலேயே எழுதி வைத்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு ஓட்டை. முதல் டெஸ்ட் எழுதியவர்கள் 58 பேர், கடைசி டெஸ்டில் 49. அந்த 9 பேர் எங்கே? "ரெகுலரா வராத பசங்க சார், எடுத்துட்டேன்." தேறாதவர்களை எடுத்துவிட்டால் எந்த முறையும் தேறும், மேடம்.

எனக்குக் கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. ஷீட்டில் பெயர், பதிவு எண், சாதி, முதல் பட்டதாரியா என்ற விவரம், எல்லாம் அப்படியே இருந்தது, அதுவும் துறை வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வந்த ஃபைல். சம்மதம் வாங்கினீர்களா என்றால், "நம்ம பசங்கதானே சார்!" இன்டர்னல் மார்க் போடுகிற கை நீட்டிய தாளில் எந்தப் பையன் முடியாது என்று எழுதுவான்? வேறு ஆசிரியரை வைத்துச் சம்மதம் வாங்குங்கள், யார் மறுத்தார்கள் என்பது ரிசல்ட் வரும்வரை உங்களுக்குத் தெரியவே வேண்டாம். முதல் செமஸ்டரில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தைதான். பெயரை அழித்துக் குறியீடு போடுங்கள். கருத்துப் படிவத்தைத் தமிழிலும் கொடுங்கள், தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை ஆங்கிலக் கேள்விக்கு எல்லாக் கட்டத்திலும் 4 என்று டிக் அடித்ததை வைத்து "மாணவர் மனநிறைவு" என்று எழுதாதீர்கள்.

தயவுசெய்து இதைத் தனியாகச் செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கனும் உடனிருந்தவர்களும் நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரிப் புரோகிராமிங் கணக்குகளைக் கொடுத்தார்கள். 110-க்குச் சராசரி 22.89. ஒரே கல்லூரியில் இது நடந்திருந்தால் "அங்கே பசங்க மக்கு" என்று பேச்சு முடிந்திருக்கும். நான்கு இடத்திலும் அப்படி என்றதும் நாம் சொல்லிக் கொடுப்பதில் என்ன கோளாறு என்று கேட்க வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறும் உண்டு. யாருக்குப் புரோகிராமிங் வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே பிரித்துக் காட்டும் ஒரு டெஸ்ட் 2006-இல் பெரிய பரபரப்பானது. வேறு இடத்தில் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் போர்னாட்டே 2014-இல் அதைத் திரும்பப் பெற்றார். அந்த நேர்மை நமக்கும் வர வேண்டும். என் முதல் பேப்பரும் இந்தப் பென் டிரைவ் வகைதான், இன்றும் அதை யாராவது மேற்கோள் காட்டினால் கூசுகிறது.

செமஸ்டர் தொடங்கும் முன்பே வாருங்கள். டேட்டா எதுவும் வேண்டாம், என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தால் போதும். அந்த மேடம் அப்படித்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார். பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு சாரும் சேர்ந்திருக்கிறார், இரண்டு கல்லூரியிலும் ஒரே கேள்வித்தாள். இப்போது சண்டை ஒன்றே ஒன்றுதான்: மேடத்துக்கு லேப் செவ்வாய்க்கிழமை, சாருக்கு வெள்ளிக்கிழமை, நடுவில் இருக்கும் இரண்டு நாளில் கேள்வித்தாள் வாட்ஸ்அப்பில் கிருஷ்ணகிரியைத் தாண்டிவிடும்.